ஸ்பெயினிலிருந்து பிரிட்டனுக்கு: மோட்டார்ஹோமில் நாயோடு வீடு திரும்ப ஒரு வழிகாட்டி

குளிர்காலத்தைத் தெற்கு ஸ்பெயினில் கழித்துவிட்டு, மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) நாயையும் ஏற்றிக்கொண்டு பிரிட்டன் திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகும்போது பெரிய தொல்லை இல்லை. நமக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரே எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். திரும்பும்போதுதான் முன்பின் தெரியாத ஊரில், நமக்குப் பேச வராத மொழியில், குறித்த நேரத்துக்குள் நாமே ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் நாய்க்கு நாடாப்புழு மருந்து.

எங்கள் நாய் ஜிம்மியோடு செவில்லாவில் கிளம்பி, பிரான்சின் வடக்குக் கரையிலுள்ள கலே வரை வந்த பிறகு சோதனை மேசையில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மருந்து கொடுத்த மருத்துவர் தேதி போட்டிருந்தார், முத்திரை குத்தியிருந்தார், மணியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். அந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததால் கலேயிலேயே வேறு மருத்துவரைத் தேடிப் பிடித்து, மறுபடி மாத்திரை கொடுத்து, மறுபடி 24 மணி நேரம் காத்திருந்து, வண்டியோடு ஏறிக் கடலுக்கு அடியில் கடக்கும் சுரங்க ரயில் பயணத்தையும் மாற்ற வேண்டி வந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. கடக்கும் நேரத்தை முதலில் குறியுங்கள், பிறகு பின்னோக்கி எண்ணுங்கள்

விதி இதுதான்: நாய் பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் முன்னதாக ஒரு கால்நடை மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். 'ஐந்து நாள்' என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் கணக்கு மணியில்தான். பூனைக்கு இந்த மருந்து தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியாழக்கிழமை மதியம் 2 மணிக்கு இங்கிலாந்து மண்ணில் இறங்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். சனிக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து புதன்கிழமை மதியம் 2 மணி வரை எப்போது மருந்து கொடுத்தாலும் செல்லும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரான்சில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பெரும்பாலான மருத்துவமனைகள் மூடிவிடும், ஞாயிறு விடுமுறை, திங்களன்று திறக்காதவர்களும் உண்டு. ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைப்பது திங்கள் மதியத்திலிருந்து புதன் காலை வரைதான். இதில் செவ்வாய் காலை 10 மணி மிக நல்ல நேரம். வியாழன் மதியம் கடக்கும்போது சுமார் 50 மணி நேரம் ஆகியிருக்கும். வழியில் வண்டி பழுதாகிவிட்டாலோ, வேலைநிறுத்தத்தால் ரயில் தள்ளிப்போனாலோ, கிட்டத்தட்ட மூன்று நாள் கையில் இருக்கும்.

இதனால்தான் வியாழன் அல்லது வெள்ளியில் கடக்கச் சொல்கிறேன். திங்கட்கிழமை டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தீர்களானால், மருந்துக்கு முந்தைய வாரத்து வியாழன், வெள்ளியையே நம்பியிருக்க வேண்டும். வியாழனில் கொடுத்திருந்தால், ஒருநாள் தாமதமானாலும் 120 மணி நேரம் தாண்டிவிடக்கூடும்.

மே மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். மே 1, மே 8, அப்புறம் இயேசு விண்ணேற்ற வியாழன், சில ஆண்டுகளில் பெந்தகொஸ்தே திங்கள் என்று பிரான்சில் விடுமுறைகள் வரிசையாக வரும். வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

பிரான்ஸ் நேரம் பிரிட்டனைவிட ஒரு மணி முன்னால். 24, 120 மணி வரம்புகளை ஒட்டிக் கணக்குப் போடாதீர்கள்.

2. காகிதங்கள்: நாய்க்கும், உங்களுக்கும், வண்டிக்கும்

நாய்க்கு மூன்று தேவை. முதலாவது மைக்ரோசிப். இரண்டாவது, மைக்ரோசிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட்ட வெறிநோய்த் தடுப்பூசி. மூன்றாவது, பிரிட்டனில் தந்த விலங்கு நலச் சான்றிதழ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாட்டு மருத்துவர் தந்த செல்லப்பிராணி பாஸ்போர்ட். திரும்பி வருவதற்கு இந்த இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

பலர் மாட்டிக்கொள்வது தடுப்பூசித் தேதியில். அடுத்த ஊசியை உரிய தேதிக்கு ஒருநாள் தள்ளிப் போட்டாலும் அது முதல் ஊசியாகவே கணக்கிடப்படும், பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். நீங்கள் ஸ்பெயினில் இருக்கும்போது ஊசி காலாவதியாகுமா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஆகுமென்றால் ஊரிலேயே முன்கூட்டிப் போட்டுவிடுவதுதான் நல்லது.

விலங்கு நலச் சான்றிதழ் ஒரு பயணத்துக்கு மட்டும்தான். அடுத்த முறை போகும்போது புதிதாக எடுக்க வேண்டும். எங்களுடையது திரும்பி வருவதற்கு நான்கு மாதம் செல்லுபடியாக இருந்தது. உங்களுடையதன் கடைசித் தேதியைக் கையெழுத்துப் போடும் மருத்துவரிடமே கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் பகுதியில் (ஸ்பெயின், பிரான்ஸ் உள்ளிட்ட, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. இந்த 90 நாளில் பிரான்ஸ் வழியாக ஓட்டி வரும் நாட்களும் அடங்கும். ஸ்பெயினில் 88 நாள் உட்கார்ந்துவிட்டு இரண்டே நாளில் 2,000 கிலோமீட்டர் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். குறைந்தது பத்து நாளைத் திரும்பும் பயணத்துக்கு என்று ஒதுக்கிவையுங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் நாட்களைக் கணினியே எண்ணுகிறது. முத்திரை தெளிவாக இல்லை என்ற சாக்கெல்லாம் இனி எடுபடாது.

வண்டிக்குப் பதிவுப் புத்தகம், காப்பீடு, எம்ஓடி (வண்டியின் ஆண்டுத் தகுதிச் சோதனைச் சான்று) மூன்றையும் பாருங்கள். சில காப்பீடுகள் ஐரோப்பாவில் இத்தனை நாள் என்று வரம்பு வைத்திருக்கும். எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோமுக்குப் பிரான்சில் 2021 முதல் பக்கவாட்டிலும் பின்னாலும் 'ஓட்டுநர் கண்ணில் படாத பக்கம்' என்று எச்சரிக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும்.

3. மருத்துவரைப் பிடிப்பதும், அந்த மேசையில் பார்க்க வேண்டியதும்

ஸ்பெயினில் இருக்கும்போதே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, தென்மேற்குப் பிரான்சின் போர்தோ நகருக்கு வடக்கே நீங்கள் இரவு தங்கப்போகும் சிறு ஊரில் ஒரு மருத்துவமனைக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள். கலேயிலேயே செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கே செய்தால் எப்படியும் 24 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதில் தவறு நேர்ந்தால் திருத்தவும் நேரம் இருக்காது. மின்னஞ்சலில் நாயின் எடை, வயது, மைக்ரோசிப் எண், கடக்கும் தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரெஞ்சில் மொழிபெயர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்.

மேசைக்குப் போனதும் வரிசையாகப் பாருங்கள். முதலில் மருத்துவர் கருவியை நாயின் தோள்மேல் ஓட்டி மைக்ரோசிப் எண்ணைப் படிக்க வேண்டும். காகிதத்தில் உள்ள 15 இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களும் எட்டிப் பாருங்கள். அடுத்து மருந்து. அதில் பிராசிகுவான்டெல் என்ற மருந்துப்பொருள் இருக்க வேண்டும். மில்பிமேக்ஸ், ட்ரான்டால் போன்றவற்றில் அது உண்டு. நீங்கள் கையோடு கொண்டுபோன மாத்திரையை நீங்களே கொடுத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மருத்துவர்தான் கொடுக்க வேண்டும்.

ஜிம்மி மாத்திரை விஷயத்தில் கில்லாடி. மருத்துவர் வாயில் போட்டு மூக்கை மேலே தூக்கித் தொண்டையைத் தடவிவிட்டார். இவன் விழுங்கியதுபோல நாக்கால் மூக்கை நக்கிக் காட்டினான். மருத்துவர் பேனாவை எடுக்கும் நேரத்தில் கடைவாயிலிருந்து பாதி கரைந்த மாத்திரை தரையில் விழுந்தது. அப்புறம் கொஞ்சம் ஈரல் பேஸ்டில் பொதிந்து கொடுத்ததும் ஒரே மடக்கில் போனது. மாத்திரைக்குத் தகராறு செய்யும் நாயாக இருந்தால், அதற்குப் பிடித்த ஈரமான உணவைச் சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். மில்பிமேக்ஸை உணவோடு கொடுப்பதுதான் சரி.

இனி காகிதம். காசு கொடுக்கும் முன், மேசையை விட்டு நகரும் முன், இவை எல்லாம் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்: மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தேதி, மணி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை. மணியை 24 மணி நேர முறையில் எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டாக இருந்தால் இன்னொரு பொறி உண்டு. நாடாப்புழு மருந்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அதை அடுத்து மற்ற ஒட்டுண்ணி மருந்துகளுக்கான பகுதி. அவசரத்தில் சிலர் இரண்டாவதில் எழுதிவிடுவார்கள். விலங்கு நலச் சான்றிதழில் இதற்குத் தனி அட்டவணை பின்பக்கங்களில் இருக்கும். மருத்துவரே புரட்டித் தேடட்டும் என்று விடாமல், அந்தப் பக்கத்தில் ஒரு தாளை அடையாளமாக வைத்துத் திறந்து நீட்டுங்கள். எழுதி முடித்ததும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் இருந்தால் வெள்ளை மை தடவ விடாதீர்கள். அடித்து எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் முத்திரையும் போடச் சொல்லுங்கள்.

4. பாதை

செவில்லாவிலிருந்து கலே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஸ்பெயின் பகுதி சுலபம். ஏ-66 நெடுஞ்சாலையில் மெரிடா, காசெரெஸ் வழியாகச் சலமான்கா, அங்கிருந்து ஏ-62இல் வயதோலித், புர்கோஸ், பிறகு விட்டோரியா, சான் செபாஸ்டியன், இருன். சலமான்கா, புர்கோஸ் வழி பெரும்பாலும் டோல் இல்லாத நல்ல சாலை. டீசல் பொதுவாக ஸ்பெயினில்தான் மலிவு. இருனுக்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிரான்சுக்குள் போர்தோ வரை ஏ63. போர்தோவிலிருந்து புவாட்டியே வரை ஏ10க்குப் பதில் அங்குலேம் வழியாகப் போகும் என்10 சாலையைப் பிடியுங்கள். இருவழித்தடச் சாலை, டோல் கிடையாது, லாரிகள்தான் அதிகம். பிறகு தூர், லெ மான், ரூவான், அப்வில், பூலோன், கலே. இந்த வழியில் பாரிஸ் பக்கமே போக வேண்டாம். ரூவானை மட்டும் காலை, மாலை நெரிசலில் தொடாதீர்கள், ஏ28 அந்த நகரில் அறுந்து மறுபடி தொடங்குகிறது.

டோலில் உயரம்தான் கணக்கு. எடை 3.5 டன்னுக்குள், உயரம் 2 மீட்டருக்கு மேல் 3 மீட்டருக்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. கூரையில் ஏசியோ டிஷ்ஷோ இருந்து 3 மீட்டரைத் தொட்டுவிட்டால் மூன்றாம் வகுப்பு, கட்டணமும் ஏறும். 3 மீட்டருக்குள் இருந்தும் இயந்திரம் மூன்றாம் வகுப்பு என்று காட்டினால், உதவிப் பொத்தானை அழுத்தி உயரத்தைச் சொல்லுங்கள், பதிவுப் புத்தகம் கையில் இருக்கட்டும். பிரிட்டிஷ் வண்டிக்கு டோல் இயந்திரம் பயணி பக்கம் வரும். தனியாக ஓட்டுகிறவர்கள் டோல் டேக் வாங்கிவிடுவது நல்லது, ஒவ்வொரு தடவையும் நாயைத் தாண்டி எட்டிக் காசு போட முடியாது.

இத்தனை தூரம் ஓட்ட விருப்பமில்லை என்றால், ஸ்பெயினின் வடகரையிலுள்ள சான்டான்டர் அல்லது பில்பாவோவிலிருந்து இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்துக்குக் கப்பல் உண்டு. ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆனால் பிரான்ஸ் முழுவதும் மிச்சம். நாயோடு தங்கும் அறைகள் குறைவு, மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். நாடாப்புழு மருந்தை அப்போது ஸ்பெயினிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

5. ஒருநாளைக்கு எவ்வளவு, இரவு எங்கே

ஒருநாளைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நமக்குத் தாங்கும், நாய்க்குத் தாங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கயிறு கட்டி இறக்கி, தண்ணீர் காட்டுங்கள். ஓடும் வண்டியில் நாய் கட்டில்மேல் படுத்திருக்கக் கூடாது. பின் இருக்கை பெல்ட்டில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். திடீர் பிரேக்கில் 20 கிலோ நாய் முன்னால் பறந்து வந்தால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

இரவில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் தங்காதீர்கள், திருட்டு உண்டு. பிரான்சில் சின்ன ஊர்களிலெல்லாம் நகராட்சியே நடத்தும் மோட்டார்ஹோம் நிறுத்தங்கள் இருக்கின்றன, அங்கே 'ஏர்' என்பார்கள். தண்ணீர் பிடிக்கலாம், கழிவுநீரும் கழிப்பறைத் தொட்டியும் காலி செய்யலாம். சில இலவசம், சில 15 யூரோ வரை. மாலை 4 மணிக்கு மேல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம்.

6. வழியில் நாய்க்கு வரும் ஆபத்துகள்

வசந்த காலத்தில் திரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். ஸ்பெயினிலும் தெற்குப் பிரான்சிலும் பைன் மர உச்சியில் வெள்ளைப் பஞ்சுப் பொதிபோல ஒன்று தொங்கும். அது ஊர்வலப் புழுக்களின் கூடு. குளிர்காலத்தின் கடைசியிலிருந்து அவை தரைக்கு இறங்கி, ஒன்றன் பின் ஒன்றாக நீளக் கோடு போட்டு நகரும். நாய் மோப்பம் பிடிக்கப் போய் மூக்கோ நாக்கோ பட்டால், அதன் நுண்முடிகள் குத்தி நாக்கு வீங்கும், எச்சில் கொட்டும், விட்டால் நாக்கின் ஒரு பகுதியே அழுகிப்போகும். போர்தோவுக்குத் தெற்கே லாந்த் பகுதி முழுக்கப் பைன் காடு. அங்குள்ள நிறுத்தங்கள் பல மரத்தடியிலேயே இருக்கின்றன, நிழலுக்கு ஆசைப்பட்டு நாமும் அங்கேதான் நிறுத்துவோம். இறங்கும் முன் மேலே பாருங்கள். பட்டுவிட்டது என்று தெரிந்தால் தேய்க்காமல் நிறையத் தண்ணீரால் வாயைக் கழுவி, கையுறை இல்லாமல் தொடாமல், நேராக மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய். இந்த ஈ அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள கழுத்துப் பட்டை உதவும். அதை ஸ்பெயின் போகும் முன்பே கட்டிவிடுங்கள். இருட்டிய பிறகு நாய் வண்டிக்குள் இருக்கட்டும். பிரான்சின் புல்வெளிகளில் உண்ணி அதிகம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காது, கால் விரல் இடுக்கு, அக்குளில் தடவிப் பாருங்கள்.

மே மாதத்தில் மெரிடா பக்கம் வெயில் சுள்ளென்று அடிக்கும். விடியலில் ஓட்டி, மதியத்துக்குள் நிறுத்திவிடுங்கள். 'பத்து நிமிஷம்தான்' என்று நாயை வண்டிக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஒருவர் கூடவே இருங்கள்.

7. குளிர்பெட்டியைக் காலி செய்யுங்கள்

2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கூடக் கொண்டுவர முடியாது. கோமாரி நோய்த் தடுப்புக்காக வந்த தடை இது. உப்பிட்ட பன்றித்தொடை, சொரிஸோ, மான்செகோ பாலாடைக்கட்டி, வழியில் வாங்கிய ஹாம் சாண்ட்விச் எல்லாம் இதில் அடக்கம். பொதி பிரிக்காமல் இருந்தாலும் கூடாது. கடுமையான தவறுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் போட முடியும். கடைசி இரவு சமைத்து முடித்துவிடுங்கள், மிச்சத்தை எல்லைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

8. கலேயில்

கால்வாய்ச் சுரங்க ரயில்தான் நாயோடு வருகிறவர்களுக்கு என் பரிந்துரை. 35 நிமிடம், நாய் நம்மோடு வண்டியிலேயே இருக்கும். கலே, டோவர் கப்பலில் பெரும்பாலும் நாயைக் கீழ்த்தட்டில் வண்டியிலேயே விட்டுவிட்டு நாம் மேலே போக வேண்டியிருக்கும்.

பதிவு செய்யும்போது 'மோட்டார்ஹோம்' என்று வகை குறிப்பிட்டு, நாயையும் சேருங்கள். ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். முதலில் போக வேண்டியது செல்லப்பிராணி வரவேற்பு நிலையம். ரயில் செக்-இன் கதவுக்கு முன்பே பலகை இருக்கும். அதைத் தாண்டி நேராகப் போய்விட்டால் மறுபடி சுற்றி வர வேண்டும். உள்ளே கருவியை உங்கள் கையில் தருவார்கள், நீங்களே மைக்ரோசிப்பைப் படித்துக் காட்ட வேண்டும். தோள் பக்கம் சிப் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துவைத்திருந்தால் சுலபம், சில நாய்களுக்குச் சிப் கழுத்துப் பக்கவாட்டுக்கு நகர்ந்திருக்கும். காகிதம் பார்த்து முடித்ததும் கண்ணாடியில் மாட்ட ஒரு அட்டை தருவார்கள். பக்கத்திலேயே நாயை நடத்த வேலி போட்ட இடம் உண்டு. கேஸ் சிலிண்டர் குழாயை மூடிவிட்டுத்தான் வரிசைக்குப் போக வேண்டும், சிலிண்டர் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

9. செலவு

பிரிட்டனில் விலங்கு நலச் சான்றிதழுக்கு மருத்துவமனையைப் பொறுத்து 100 முதல் 250 பவுண்டு வரை கேட்கிறார்கள். இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள், இதில் விலை வித்தியாசம் அதிகம். பிரான்சில் நாடாப்புழு மருந்துக்கு நாங்கள் கொடுத்தது 45 யூரோ. ரயிலில் நாய்க்கு 20 பவுண்டுக்குச் சற்று மேல், வண்டிக் கட்டணம் தனி, அது தேதிக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். நூறு கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு இந்தத் தூரத்துக்கு 220 லிட்டர் டீசல், லிட்டர் ஒன்றரை யூரோ என்று வைத்தால் 330 யூரோ. பிரான்ஸ் முழுக்க டோல் சாலையிலேயே வந்தால் இரண்டாம் வகுப்புக்கு 100 யூரோவைத் தாண்டும். இதற்கு மேல் 200 யூரோ தனியாக வையுங்கள். மருந்து இரண்டாம் முறை கொடுக்க வேண்டி வந்தால், அல்லது ரயில் தவறினால், அதுதான் கைகொடுக்கும்.

ஊர் வந்ததும் உங்கள் மருத்துவரிடம் ஸ்பெயினில் இருந்த காலத்தைச் சொல்லிவையுங்கள். லீஷ்மேனியா உடனே வெளித்தெரியாது, ரத்தப் பரிசோதனையைச் சில மாதம் கழித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். எந்த மாதத்தில் வரச் சொல்கிறாரோ அதை அப்போதே பதிவு செய்துவிட்டு வாருங்கள்.